ரோலண்ட் ஜேவி-1080: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ரோலண்டின் ஜேவி-1080 என்ற சவுண்ட் மாட்யூலைப் பழையதாக வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியின் ஒலியில் பெரிய குறை கிடையாது. தொல்லை வருவது பங்கு போடுவதில்தான். 64 குரல்கள் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடியவை), ஒரே ஒரு இஎஃப்எக்ஸ் (ஒலிக்கு மெருகூட்டும் எஃபெக்ட் பகுதி), ஒரே ஒரு மிடி உள்வாயில் (வாசிப்புச் செய்திகள் நுழையும் இடம்) ஆகியவற்றை 16 பார்ட்டுகள் (தனித்தனி ஒலிக்கான இடங்கள்) பகிர்ந்துகொள்கின்றன. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் அங்கிருந்தே கிளம்புகின்றன.

சவுண்ட் மாட்யூல்னா என்ன? கட்டை இல்லாத கீபோர்டா?

ஏறக்குறைய அப்படித்தான். ஒலியை உருவாக்கும் பகுதி மட்டும் ரேக்கில் பொருத்தும் பெட்டியாக வருகிறது. வாசிக்க வேறு கீபோர்ட் வேண்டும், அல்லது கணினியிலிருந்து மிடி அனுப்ப வேண்டும். ஜேவி-1080 இரண்டு ரேக் அலகு உயரம். 1994-இல் வந்தது. உள்ளே வாசிப்பைப் பதிந்து ஓட்டும் சீக்வென்சர் கிடையாது.

இது சாம்பிள் அடிப்படையிலான சிந்தசைசர். பதிவுசெய்த அலைவடிவங்கள் ரோம் நினைவகத்தில் நிரந்தரமாக இருக்கின்றன. அவற்றை ஃபில்டர் (சில அதிர்வெண்களைக் குறைப்பது), என்வலப் (ஒலி எழுந்து தேயும் விதம்), எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அசைப்பது) வழியாகச் செலுத்திப் புதிய ஒலி செய்கிறோம். ஓர் அலைவடிவமும் அதற்கான ஃபில்டர் முதலியவையும் சேர்ந்தது ஒரு டோன். அதிகபட்சம் நான்கு டோன் சேர்ந்தது ஒரு பேட்ச். பதினாறு பார்ட் சேர்ந்தது ஒரு பெர்ஃபார்மன்ஸ். இந்த மூன்று படிகளும் மனதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

முப்பது வருஷப் பெட்டியை இன்னும் ஏன் சார் தேடுறாங்க?

பாட்டுக்குள் உட்காரும் விதத்துக்காக. இதன் முன்னமைப்புகளை, அதாவது பெட்டியோடு வரும் தயார் ஒலிகளை, செய்தவர்கள் தனியாகக் கேட்கும்போது பிரமிக்க வைப்பதை மட்டும் நோக்கமாக வைக்கவில்லை. பத்து வாத்தியங்களுக்கு நடுவே எது கேட்கும், எது மறையும் என்பதையும் யோசித்திருக்கிறார்கள். அலைவடிவங்கள் சிறியவை, தாழ்ந்த அதிர்வெண்களில் தேவையற்ற சதை கிடையாது, தொடக்கம் தெளிவாக இருக்கும். அதனால் மிக்ஸில் அதிகம் செதுக்க வேண்டியிருக்காது.

தொண்ணூறுகளின் திரையிசை, தொலைக்காட்சி இசை, பாப் எல்லாவற்றிலும் இதன் ஒலி பரவிக் கிடக்கிறது. அந்தக் காலத்து நிறம் வேண்டும் என்பவர்களுக்கு இது நேர்வழி. ஏக்கத்துக்காக மட்டும் வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஆனால் இதன் பேட் (பின்னணியில் நீளும் மென்மையான ஒலி), பெல், கலப்பு ஒலிகளை இன்றும் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு புதிய பாட்டில் வைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

உள்ளே வெறும் 8 எம்பிதானாமே? என்கிட்ட இருக்கிற ஒரு பியானோவே பல ஜிபி வரும்.

உண்மைதான். 8 மெகாபைட் அலைவடிவ நினைவகத்தில் 448 அலைவடிவங்கள். சுருக்காமல் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோவாக வைத்தால் 8 மெகாபைட்டில் ஏறத்தாழ ஒன்றரை நிமிட ஒலிதான் கொள்ளும். அந்த அளவு இடத்துக்குள் பியானோ, வயலின் குழு, பித்தளை வாத்தியங்கள், கிட்டார், டிரம்ஸ், குரல், சிந்த் அலைகள் எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்கள்.

எப்படிச் சாத்தியம்? ஒரு சாம்பிளைப் பல சுரங்களுக்கு நீட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தை மட்டும் விரிவாக வைத்துவிட்டு, அதன் பின் மிகச் சிறிய பகுதியை லூப்பில் சுழல விட்டிருக்கிறார்கள். மெதுவாக அழுத்தினால் ஒரு பதிவு, ஓங்கி அழுத்தினால் வேறொரு பதிவு என்ற ஆடம்பரம் மிகக் குறைவு. அந்த வேலையை ஃபில்டர் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் தனியாக நீட்டி வாசிக்கும் பியானோ சுரத்தில் லூப் தெரியும். நான்கு டோன் கலந்து அசையும் பேட் ஒலியிலோ லூப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது. எதில் பலம், எதில் பலவீனம் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு விஷயமே தீர்மானிக்கிறது.

64 பாலிஃபனின்னு போட்டிருக்கு. எனக்குப் பத்து விரல்தான். அப்புறம் ஏன் நோட்டு அறுந்துபோகுது?

64 என்பது சுரங்களின் எண்ணிக்கை அல்ல, டோன்களின் எண்ணிக்கை. நான்கு டோன் உள்ள பேட்ச்சில் ஒரு சுரம் நான்கு குரல்களை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் மொத்தம் 16 சுரம். சஸ்டெய்ன் பெடலை மிதித்தபடி இரண்டு கைகளால் வாசித்தால் அந்த 16 சுரமும் கண நேரத்தில் தீர்ந்துவிடும். விரலை எடுத்த பிறகும் நீண்ட ரிலீஸ் உள்ள ஒலி தேய்ந்து முடியும்வரை குரலை விடாது. கூடவே டிரம்ஸும் பேஸும் ஓடினால் அவையும் அதே 64-இல்தான் பங்கு கேட்கும்.

முதலில், பேட்ச்சில் எந்த டோன் உண்மையிலேயே கேட்கிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மிக்ஸில் வைத்த பிறகு நான்கில் இரண்டு தேவைப்படாமலே போகும். அடுத்து, ரிலீஸ் நேரத்தைக் குறையுங்கள். கடைசியாக, பெர்ஃபார்மன்ஸில் உள்ள வாய்ஸ் ரிசர்வ் அமைப்பில் முக்கியமான பார்ட்டுக்குக் கொஞ்சம் குரல்களை ஒதுக்கி வையுங்கள். மெட்டு வாசிக்கும் பார்ட் அறுபடுவதைவிட, பின்னால் நீளும் பேட்டின் ஒரு சுரம் மறைவது பரவாயில்லை.

பேட்ச் மோடில் அசத்தலா இருந்த சவுண்டு, பெர்ஃபார்மன்ஸில் போட்டதும் சப்புன்னு ஆயிடுச்சு. பெட்டி பழுதா அண்ணா?

பழுதில்லை. என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பெட்டியில் மூன்று எஃபெக்ட் பகுதிகள்: 40 வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக்கூடிய இஎஃப்எக்ஸ், கோரஸ், ரிவெர்ப். பேட்ச் மோடில் மூன்றும் அந்த ஒரே பேட்ச்சுக்குச் சொந்தம். ரோட்டரி, டிஸ்டார்ஷன், ஃபேசர் என்று பேட்ச் செய்தவர் விரும்பியதெல்லாம் அதற்குக் கிடைக்கும்.

பெர்ஃபார்மன்ஸில் 16 பார்ட்டுக்கும் சேர்த்து இஎஃப்எக்ஸ் ஒன்றுதான். அது பெர்ஃபார்மன்ஸின் சொந்த அமைப்பில் ஓடலாம், அல்லது ஏதாவது ஒரு பார்ட்டில் உள்ள பேட்ச்சின் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். மற்ற பேட்ச்சுகள் தங்கள் இஎஃப்எக்ஸை இழந்துவிடும். இன்னும் மோசமாக, வேறொருவருடைய டிஸ்டார்ஷனுக்குள் போய் விழவும் கூடும். உங்கள் ஆர்கன் சப்பென்று கேட்டால் அதன் ரோட்டரி போய்விட்டது என்று பொருள்.

பெர்ஃபார்மன்ஸின் எஃபெக்ட் பக்கத்தில் இஎஃப்எக்ஸ் சோர்ஸ் என்ற இடத்தைத் தேடி, எந்த ஒலிக்கு எஃபெக்ட் உயிர்நாடியோ அந்தப் பார்ட்டைக் கொடுங்கள். எஃபெக்ட் தேவையில்லாத பார்ட்டுகளின் அவுட்புட் அசைனை மிக்ஸ் என்று மாற்றுங்கள். கோரஸும் ரிவெர்பும் எல்லோருக்கும் பொது என்றாலும், யாருக்கு எவ்வளவு என்பதைப் பார்ட் வாரியாக வைத்துக்கொள்ளலாம்.

அப்போ எல்லா பார்ட்டுக்கும் தனித்தனி எஃபெக்ட் வேணும்னா வழியே இல்லையா?

ஒரே நேரத்தில் ஓடவிட்டால் இல்லை. ஒவ்வொன்றாகப் பதிவுசெய்தால் தாராளமாக உண்டு. கணினியில் மிடியை எழுதி முடித்துவிட்டு, பெட்டியைப் பேட்ச் மோடில் வைத்து, ஒரு பார்ட்டை மட்டும் ஓடவிட்டு ஆடியோவாகப் பதியுங்கள். அடுத்து அடுத்த பார்ட். ஒவ்வொரு பார்ட்டுக்கும் முழு இஎஃப்எக்ஸ், முழு 64 குரல், முழு மிடி கேபிள் கிடைக்கும். நேரம் பிடிக்கும்தான். ஆனால் இந்தப் பெட்டியின் உண்மையான தரத்தை முழுதாகக் கேட்க வேறு வழியில்லை. வீட்டில் பதிவுசெய்யும் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

நேரம் இல்லாதபோது பின்பக்கத்து அவுட்புட்டுகள் உதவும். மிக்ஸ் இடது-வலது தவிர டைரக்ட் 1, டைரக்ட் 2 என இன்னும் இரண்டு ஜோடிகள் உண்டு. மொத்தம் ஆறு ஜாக்குகள். பேஸை ஒரு ஜோடியிலும் டிரம்ஸை இன்னொன்றிலும் எஃபெக்ட் இல்லாமல் வெளியே எடுத்து, மிக்ஸரிலோ கணினியிலோ எஃபெக்ட் சேர்க்கலாம். டிஜிட்டல் அவுட்புட் கிடையாது.

எந்த சவுண்டை நம்பி எடுக்கலாம், எதை விட்டுடணும்?

என் காதுக்கு முதலிடம் பேட்களுக்கு. நான்கு டோன்களும் வெவ்வேறு வேகத்தில் அசைய, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எல்எஃப்ஓ, தனி ஃபில்டர், தனி பான். இந்த அமைப்பு பேட்டுக்காகவே பிறந்தது போல இருக்கும். அடுத்து பெல், மாலட், கண்ணாடி போன்ற மினுக்கும் ஒலிகள். எலெக்ட்ரிக் பியானோ, கோரஸ் போட்ட சுத்தமான கிட்டார், சிந்த் பேஸ், பித்தளைக் குழுவின் குத்து, வயலின் குழுவின் நீண்ட சுரம் ஆகியவையும் நம்பகமானவை. மரிம்பா, கலிம்பா வகைகள் சின்ன நினைவகத்திலேயே நிறைவாக அமைந்துவிடுகின்றன. அவை சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் லூப் என்ற சிக்கலே அங்கு எழுவதில்லை.

இரண்டாம் வரிசையில் டிரம்ஸ். இறுக்கமாக, காலத்தின் முத்திரையோடு இருக்கும். அந்த முத்திரை உங்கள் பாட்டுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். ஹை-ஹாட்டை நீண்ட நேரம் அடித்தால் ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும்.

விட்டுவிட வேண்டியவை: தனியாக முன்னே நிற்கும் பியானோ, தனி வயலின், தனி சாக்ஸஃபோன், தனி மனிதக் குரல். தனி வாத்தியத்தில் வாசிப்பவரின் மூச்சும் வில்லும் நொடிக்கு நொடி மாறும். ஒரு சின்ன லூப்பால் அதைத் தர முடியாது. இதே பியானோ ஒரு முழு பேண்டுக்கு நடுவே இருந்தால் அழகாகவே கேட்கும். முதல் முன்னமைப்பின் பெயரே 64வாய்ஸ்பியானோ. மேலே குரல் கணக்கைப் பற்றிச் சொன்னதோடு சேர்த்து யோசித்தால் அந்தப் பெயர் எதைச் சொல்கிறது என்று புரியும்.

என் சொந்த சாம்பிளைப் போட முடியுமா?

முடியாது. அலைவடிவ நினைவகம் ரோம். நீங்கள் சேமிப்பதெல்லாம் பேட்ச் அமைப்புகள் மட்டுமே. இந்த வசதி வேண்டுமென்றால் இதே குடும்பத்தின் எக்ஸ்வி-5080 பக்கம் போக வேண்டும்.

எக்ஸ்பேன்ஷன் போர்டு எது வாங்கலாம்? எஸ்ஆர்எக்ஸ் போர்டு ஏறுமா?

ஏறாது. ஜேவி-1080-இல் நான்கு இடங்கள் உண்டு, நான்கும் எஸ்ஆர்-ஜேவி80 வரிசைக்கு மட்டும். எஸ்ஆர்எக்ஸ் பின்னால் வந்த எக்ஸ்வி காலத்துக் கருவிகளுக்கானது. இணைப்பியும் வேறு, வடிவமும் வேறு. விளம்பரத்தில் எண்ணை நன்றாகப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எஸ்ஆர்-ஜேவி80 போர்டுகளில் என் தேர்வு முதலில் 04 விண்டேஜ் சிந்த். பழைய அனலாக் கருவிகளின் அலைவடிவங்கள் இந்த ஃபில்டரோடு நன்றாகச் சேர்கின்றன. அடுத்து 02 ஆர்கெஸ்ட்ரல், 05 வேர்ல்ட். எலெக்ட்ரிக் பியானோவும் ஆர்கனும் அதிகம் வாசிப்பவருக்கு 08 கீபோர்ட்ஸ் ஆஃப் 60ஸ் அண்ட் 70ஸ். 14 ஆசியா, 13 வோக்கல், 16 ஆர்கெஸ்ட்ரல் 2 போன்றவை உங்கள் இசையைப் பொறுத்தவை. ஒரு போர்டில் இருப்பதும் 8 மெகாபைட்தான், ஆனால் முழுவதும் ஒரே வகை வாத்தியங்களுக்கு. அதனால் உள்ளே இருப்பவற்றைவிட விரிவாக இருக்கும். போர்டு சேர்ப்பதால் குரல் எண்ணிக்கையோ இஎஃப்எக்ஸோ கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொருத்தும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உடலின் நிலைமின்சாரத்தை ஏதாவது உலோகத்தைத் தொட்டு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். இணைப்பியைச் சாய்வாக அழுத்த வேண்டாம். பொருந்திய போர்டு எக்ஸ்பி-ஏ முதல் எக்ஸ்பி-டி வரை ஏதாவது ஒரு பெயரில் பேட்ச் பட்டியலில் தென்படும். தென்படவில்லையென்றால் பெரும்பாலும் இணைப்பி முழுதாக உட்காரவில்லை.

ரெண்டு வரித் திரையில் எடிட் பண்ணவே வெறுப்பா இருக்கு. எங்கே ஆரம்பிக்கிறது?

திரை இரண்டு வரி, வரிக்கு 40 எழுத்து. முகப்பில் ஃபில்டருக்கென்று தனிக் குமிழ்கள் இல்லை. பக்கம் பக்கமாக நகர வேண்டும். இது உண்மையான குறை, மழுப்பிப் பயனில்லை. மிடி வழியாகப் பேசும் எடிட்டர் மென்பொருள் ஒன்று கிடைத்தால் வாழ்க்கை எளிதாகும். பெட்டியின் எல்லா அமைப்புகளையும் சிஸெக்ஸ் செய்திகளால், அதாவது இந்தக் கருவிக்கே உரிய மிடி செய்திகளால், மாற்றலாம்.

மென்பொருள் இல்லாவிட்டாலும் ஒழுங்காகப் போனால் சுலபம். காலியான பேட்ச்சிலிருந்து தொடங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியதற்கு முக்கால்வாசி பக்கத்தில் வரும் முன்னமைப்பை எடுத்து, ஒரே ஒரு டோனை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். அதன் அலைவடிவத்தை மாற்றிப் பாருங்கள். பிறகு ஃபில்டரின் கட்ஆஃப் (எந்த அதிர்வெண்ணில் வெட்டத் தொடங்குவது என்ற அளவு), அதன் பிறகு தொடக்க நேரமும் ரிலீஸும். பெரும்பாலான மாற்றங்கள் இந்த நான்கிலேயே முடிந்துவிடும்.

இந்தப் பெட்டியின் ஆழம் ஸ்ட்ரக்சர் என்ற பக்கத்தில் இருக்கிறது. 1-2, 3-4 என டோன்களை ஜோடியாக்கி, பத்து விதங்களில் இணைக்கலாம். சிலவற்றில் ஒலியை முறுக்கும் பூஸ்டர், சிலவற்றில் இரண்டு டோன்களைப் பெருக்கும் ரிங் மாடுலேட்டர் வரும். அலையை முரடாக்கும் எஃப்எக்ஸ்எம் தனியாக உண்டு. மென்மையான ஒலிக்குப் பேர்போன கருவியில் இவ்வளவு கரடுமுரடான ஒலியும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அனலாக் ஃபீல் என்ற அளவைச் சிறிது ஏற்றினால் சுரங்கள் நுணுக்கமாக ஊசலாடும். பேட்களுக்கு அது நல்லது.

கணினியிலேர்ந்து புரோகிராம் நம்பர் அனுப்பினா வேற ஏதோ சவுண்டு வருது.

எண் சரியாகப் போயிருக்கும், பேங்க் போயிருக்காது. ஒரு பேங்கில் 128 பேட்ச்சுகள். அதனால் புரோகிராம் எண்ணுக்கு முன் பேங்க்கைச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் 0, பிறகு கன்ட்ரோல் 32, அதன் பிறகே புரோகிராம் சேஞ்ச். இந்த வரிசை மாறக்கூடாது. யூசர் பேங்க்குக்கு 80, 0. முன்னமைப்பு ஏ, பி, சி, டி-க்கு முறையே 81-உடன் 0, 1, 2, 3. இதில் டி என்பது ஜெனரல் மிடி (எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒலி வரிசை) ஒலிகள். விரிவாக்க போர்டுகளுக்கு முதல் எண் 84, இரண்டாவது எண் போர்டுக்குப் போர்டு மாறும்.

இன்னும் ஓர் எண் தவறிவந்தால், சில மென்பொருள்கள் 0-விலிருந்தும் சில 1-இலிருந்தும் எண்ணுவதைச் சரிபாருங்கள். பேட்ச்சுக்குப் பதில் பெர்ஃபார்மன்ஸே மாறிவிடுகிறது என்றால், நீங்கள் அனுப்பும் சேனலும் சிஸ்டத்தில் உள்ள கன்ட்ரோல் சேனலும் ஒன்றாக இருக்கின்றன. கன்ட்ரோல் சேனலை வேறு எண்ணுக்கு மாற்றுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

பழைய மிடி ஃபைல்களை இதில் ஓட்டலாமா?

ஜெனரல் மிடி கோப்பு என்றால் ஜிஎம் மோடில் ஓடும். ஜிஎஸ் (ஜெனரல் மிடியை ரோலண்ட் விரிவாக்கிய முறை) கோப்பு என்றால் அதன் கூடுதல் ஒலிகளும் எஃபெக்ட் கட்டளைகளும் வேலை செய்யாது, ஏனென்றால் இது ஜிஎஸ் கருவி அல்ல.

டிரம்ஸ் லேசாத் தள்ளாடுது. பெட்டி டைமிங்கே மோசமா?

பெரும்பாலும் பெட்டியல்ல, கேபிளில் கூட்டம். மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட் ஆவதால், மூன்று பைட் கொண்ட ஒரு சுரத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிநொடி ஆகும். ஒரே கணத்தில் பன்னிரண்டு சுரம் எழுதினால் கடைசிச் சுரம் பதினோரு மில்லிநொடி கழித்துத்தான் வந்து சேரும். ஒரே சேனலில் அடுத்தடுத்து வரும் சுரங்களில் முதல் பைட்டை விட்டுவிடும் ரன்னிங் ஸ்டேட்டஸ் முறை கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். ஆனால் சுரங்கள் வெவ்வேறு சேனல்களில் இருந்தால் அதுவும் உதவாது. கேபிளுக்குப் பிறகு பெட்டியும் வந்ததை வாங்கி ஒலிக்க வைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், நான்கு டோன் பேட்ச் என்றால் கூடுதலாக.

முதல் வேலை, தேவையில்லாத ஆஃப்டர்டச் செய்திகளை கீபோர்டிலேயே அணைப்பது. விரல் அழுத்தம் ஒவ்வொன்றும் செய்தியாக ஓடிக் கேபிளை நிரப்பிவிடும். பிட்ச் பெண்ட், கன்ட்ரோலர் வளைவுகளையும் மென்பொருளில் மெலிதாக்குங்கள். கிக், ஸ்னேர் முதலில் புறப்படும்படி டிரம் டிராக்கை மேலே வையுங்கள், அல்லது மற்றவற்றை ஓரிரு டிக் தள்ளுங்கள். பேட் ஐந்து மில்லிநொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. அதையும் தாண்டி இறுக்கம் வேண்டுமென்றால், முன்னே சொன்னபடி பார்ட் பார்ட்டாகப் பதியுங்கள்.

சிஸெக்ஸ் அனுப்பினா பாதியில் நிக்குது, செக்சம் பிழைன்னு வருது.

மூன்று இடங்களைப் பாருங்கள். பெட்டியில் சிஸெக்ஸை ஏற்கும் அமைப்பு இயங்குகிறதா. கருவி எண் பொருந்துகிறதா, வழக்கமாக அது 17. மிடி இன்டர்ஃபேஸ் நல்லதா. விலை மலிந்த யுஎஸ்பி மிடி கேபிள்கள் பல சுரங்களை ஒழுங்காக அனுப்பும், ஆனால் நீண்ட சிஸெக்ஸில் பைட்டுகளைத் தவறவிடும். ஒரு பைட் குறைந்தாலும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாது.

இன்டர்ஃபேஸ் நல்லதாக இருந்தும் பிழை வந்தால், அனுப்பும் மென்பொருளில் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கொடுங்கள். வந்ததை எழுதி முடிக்கப் பெட்டிக்கு அவகாசம் வேண்டும். நாற்பது ஐம்பது மில்லிநொடியில் தொடங்கிப் பாருங்கள்.

பின்னாடி ஒரு 'ம்ம்ம்'னு இரைச்சல். கண்டென்சர் போச்சா?

போயிருக்கலாம், ஆனால் முதலில் கிரவுண்ட் லூப்பைச் சந்தேகப்படுங்கள். பெட்டியிலிருந்து எல்லாக் கேபிள்களையும் கழற்றி ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள். சுத்தமாக இருந்தால் குற்றம் இணைப்பில். அவுட்புட்டுகள் அன்பேலன்ஸ்டு என்பதால், கணினியும் பெட்டியும் வெவ்வேறு வழியில் எர்த் ஆகும்போது ஆடியோ கேபிள் வழியே இரைச்சல் நுழையும். மிடி கேபிள்மேல் பழி போடத் தேவையில்லை. மிடி உள்வாயிலில் ஒளியால் செய்தி கடத்தும் ஆப்டோ-ஐசொலேட்டர் இருப்பதால் அங்கே மின் இணைப்பு துண்டிக்கப்பட்டுத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால், மின் இணைப்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ். எர்த் முள்ளை வெட்டிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், உயிருக்கு ஆபத்து. ஹெட்ஃபோனிலும் இரைச்சல் கேட்டால் தெரிந்த தொழில்நுட்பரிடம் மின்வழங்கிப் பகுதியைக் காட்டுங்கள்.

பேட்டரி தீர்ந்தா எல்லா சவுண்டும் போயிடுமா?

போகாது. ரோமில் உள்ள முன்னமைப்புகளும் போர்டுகளில் உள்ளவையும் பேட்டரியைச் சார்ந்தவை அல்ல. போவது நீங்கள் யூசர் நினைவகத்தில் சேமித்த 128 பேட்ச்சுகள், பெர்ஃபார்மன்ஸ்கள், ரிதம் செட்கள், சிஸ்டம் அமைப்புகள். அவற்றை முதலில் சிஸெக்ஸாகக் கணினிக்கு எடுத்து வையுங்கள். பேட்டரி 3 வோல்ட் லித்தியம் நாணய வகை. மாற்றிய பிறகு திரையில் குப்பை எழுத்துகள் தெரிந்தால் பதற வேண்டாம். யூட்டிலிட்டியில் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட்டு, சிஸெக்ஸைத் திரும்ப அனுப்புங்கள்.

பழசு வாங்கப் போறேன். எதெல்லாம் பார்க்கணும்?

முதலில் பின்புறத் தகட்டில் வோல்டேஜ். உள்ளே இருப்பது ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கான டிரான்ஸ்ஃபார்மர். ஜப்பான் சந்தைக்கானது 100 வோல்ட். அதை 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை முடிந்தது.

கீபோர்ட் கையில் இல்லாவிட்டாலும் வால்யூம் குமிழை அழுத்தினால் பெட்டியே ஒலியை வாசித்துக் காட்டும். அப்படி ஒவ்வொரு பேங்கிலும் சில பேட்ச்சுகளைக் கேளுங்கள். ஆறு அவுட்புட்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். டைரக்ட் ஜாக்குகளை விற்பவரே ஒருநாளும் பயன்படுத்தியிருக்க மாட்டார். வேல்யூ டயலை மெதுவாகச் சுற்றும்போது எண் முன்னும் பின்னும் குதித்தால் என்கோடர் தேய்ந்திருக்கிறது. ஒரு பேட்ச்சின் பெயரை மாற்றிச் சேமித்து, அணைத்து, கம்பியைப் பிடுங்கி, சிறிது நேரம் கழித்து ஏற்றிப் பாருங்கள். பெயர் நின்றால் பேட்டரி உயிரோடு இருக்கிறது. போர்டுகளோடு விற்கிறார் என்றால் அவை பட்டியலில் தென்படுகின்றனவா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஜேவி-1010, ஜேவி-2080, எக்ஸ்வி-5080 எல்லாம் இருக்கே, எதுக்குப் போகலாம்?

ஒலி எல்லாவற்றிலும் ஒரே வேரிலிருந்து வருகிறது. 1999-இல் வந்த ஜேவி-1010 அரை ரேக் அகலம். அதே 64 குரல், 16 பார்ட். செஷன் போர்டின் ஒலிகள் உள்ளேயே இருக்கும், இன்னொரு போர்டுக்கு இடம் உண்டு. முகப்பிலிருந்து பேட்ச் எடிட் செய்ய முடியாது. முன்னமைப்புகளே போதும் என்பவருக்கு நல்லது.

1997-இன் ஜேவி-2080 மேலே சொன்ன இஎஃப்எக்ஸ் பங்குச் சண்டையை நேராகத் தொடுகிறது. ஒரே பெர்ஃபார்மன்ஸில் மூன்று இஎஃப்எக்ஸ், எட்டு போர்டு இடங்கள், பெரிய திரை. ஆனால் குரல்கள் அதே 64. 2000-இல் வந்த எக்ஸ்வி-5080-இல் 128 குரல், 32 பார்ட், டிஜிட்டல் அவுட்புட், எஸ்ஆர்-ஜேவி80-க்கு நான்கும் எஸ்ஆர்எக்ஸுக்கு நான்கும் இடங்கள், சாம்பிள் ஏற்றும் வசதி. நேரலையில் பல பார்ட்டை ஒன்றாக ஓட்டுபவர் 2080-க்காகக் காத்திருப்பது நியாயம். பார்ட் பார்ட்டாகப் பதிபவருக்கு 1080 போதும், மேலே போவதால் அவர் பெறுவது குறைவு.

மென்பொருளாவே கிடைக்குதே தம்பி, பெட்டி எதுக்கு?

ரோலண்டின் இணையச் சேவையான ரோலண்ட் கிளவுட்டில் ஜேவி-1080 மென்பொருளாகக் கிடைப்பது உண்மை. கணினிக்குள்ளேயே இசை செய்து முடிப்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன். பாட்டைத் திறந்தால் எல்லா அமைப்பும் அப்படியே இருக்கும், ஒரே பாட்டில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் ஓட்டலாம். இந்தப் பக்கத்தில் பேசிய பங்குச் சிக்கல் ஒன்றுகூட அங்கே இல்லை.

பெட்டி யாருக்கு? கணினி இல்லாமல் மேடையில் வாசிப்பவருக்கு, எஸ்ஆர்-ஜேவி80 போர்டுகள் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு, பழைய பாட்டின் சிஸெக்ஸை அதே கருவியில் திறக்க வேண்டியவருக்கு. சந்தா, இயங்குதளப் புதுப்பிப்பு எதுவும் இதைத் தொடாது. மின்சாரம் கொடுத்தால் சில நொடிகளில் வாசிக்கத் தயார்.

மேடையில் பேட்ச் மாத்தினா முந்தின சவுண்டு டக்குனு அறுந்துடுது. ஒண்ணும் செய்ய முடியாதா?

பேட்ச் மாறும்போது இஎஃப்எக்ஸும் ரிவெர்பும் புதிய அமைப்புக்குத் தாவுகின்றன. அதனால் முந்தைய ஒலியின் வால் அறுபடுகிறது. பெர்ஃபார்மன்ஸை மாற்றினாலும் இதே கதைதான். இதைத் தவிர்க்க, மாற்றாமலே இருக்க வேண்டும்.

ஒரு பாட்டுக்குத் தேவையான எல்லா ஒலிகளையும் ஒரே பெர்ஃபார்மன்ஸில் வெவ்வேறு பார்ட்டுகளில், வெவ்வேறு மிடி சேனல்களில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். பார்ட் 10 ரிதம் செட்டுக்கானது, அதை விட்டுவிடுங்கள். இப்போது மேடையில் மாற்ற வேண்டியது கீபோர்ட் அனுப்பும் சேனலை மட்டுமே. பேட்டின் கடைசி சுரம் தேய்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்த சேனலில் எலெக்ட்ரிக் பியானோவைத் தொடங்கலாம், இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கடக்கும். எஃபெக்ட் பகிர்வு பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும் என்பதால், இஎஃப்எக்ஸை எந்த ஒலிக்குக் கொடுப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பெடலை மிதித்தபடி சேனல் மாற்றினால் பெடலை விட்ட செய்தி பழைய சேனலுக்குப் போகாமல் சுரம் நின்றுகொண்டே இருக்கக்கூடும். உங்கள் கீபோர்ட் அதைச் சமாளிக்கிறதா என்று ஒத்திகையிலேயே சோதித்துவிடுங்கள்.